எங்கள் தெருவுக்கு யார் பெயர் வைப்பது?

(வடசென்னை இளைஞர்கள் நடத்திய வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று மண்ணடியில் மெட்ரோ ஏறி வந்தேன். 2021-இல் இந்தத் தடம் திறந்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் அறிவிப்புக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு வருவேன். வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, திருவொற்றியூர், விம்கோ நகர். அரை மணி நேரம்கூட ஆகாத பயணம். அதற்குள் ஒரு சாதி வருகிறது, ஒரு கல்லூரி வருகிறது, வரி வசூலித்த சாவடி வருகிறது, சாமியின் தேர் வருகிறது, மூடிய தீப்பெட்டிக் கம்பெனி வருகிறது. ஒரு வெள்ளைக்கார கவர்னரும் மாறுவேடத்தில் வருகிறார்.

அந்தக் கவர்னரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காலடிப்பேட்டை என்றதும் ஏதோ ஒரு கடவுளின் காலடி பட்ட இடம் என்றுதானே நினைப்போம்? நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட், கம்பெனிக்குத் துணி நெய்வதற்காக நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் அது. காலட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. பெயர் வைத்தவர் ஆட்சியாளர். அதைத் தன் நாக்குக்கு வளைத்துக்கொண்டது மக்கள். இந்த இரண்டு வேலையும் எல்லா ஊரிலும் நடக்கும். முதல் வேலையை யார் செய்வது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

ஏன் இப்போது என்று உங்களுக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார்: 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று. அதே ஆண்டு அக்டோபரில், குடியிருப்புகள், தெருக்கள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. எங்கள் தெருவும் அந்தக் கணக்கில் வருகிறது. என்ன பெயர் வைக்கலாம் என்று தெருவில் இரண்டு கூட்டம் போட்டாயிற்று, இரண்டும் சண்டையில் முடிந்தன. அந்தச் சண்டையைத்தான் உங்கள் முன்னால் வைக்க வந்திருக்கிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் கரி இறக்கியவர். அவருடைய அப்பா செங்கல்பட்டுப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர். எங்கள் முகவரியில் 'காலனி' என்ற சொல் இருக்கிறது, அதற்கு முன்னால் எங்கள் சாதியைச் சொல்லும் இன்னொரு சொல்லும் இருக்கிறது. கல்லூரி முடித்து ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். விண்ணப்பத்தைப் பார்த்தவர் படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முகவரியைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் முகவரியைப் பார்த்தார். "சொந்த வீடா, புறம்போக்கா?" என்றார். அவ்வளவுதான் நேர்முகம். அதனால் பெயரை மாற்ற வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அந்த முகவரியை எழுதும்போது பேனா நிற்கும் இடம் எனக்குத் தெரியும்.

ஆனால் இந்த அசிங்கம் சொல்லுக்குள் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 'சேரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலத்தது, 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது, குடவோலை முறையைச் சொல்வது. அந்த ஊர் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்த ஊரில் முப்பது குடும்புகளும் பன்னிரண்டு சேரிகளும் இருந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஆமாம், பிராமணர்கள் பன்னிரண்டு சேரிகளில் குடியிருந்தார்கள். சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான் பொருள்.

அதிலிருந்து நூறு வருடம்கூட ஆகவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகளுக்கு வாருங்கள். கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி இல்லாத நிலங்களைக் கணக்கெடுக்கிறார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரும் வரிசையிலேயே பறைச்சேரி வருகிறது, கம்மாணச்சேரி வருகிறது, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி வருகின்றன. 'தீண்டாச்சேரி' என்றே ஒன்று வருகிறது. பெரிய கோயிலின் உயரத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர்கள், அதன் அடியில் எழுதியிருக்கும் இந்தச் சொல்லைக் குனிந்து படிக்கச் சொல்லித் தரவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? பிராமணர்கள் சேரியை விட்டுவிட்டு அக்ரகாரத்துக்குப் போய்விட்டார்கள். நான் சொல்வது சொல்லைப் பற்றி. வேளச்சேரியில் வீடு வாங்கினால் பெருமை, புதுச்சேரிக்குச் சுற்றுலா போனால் மகிழ்ச்சி. வெறும் 'சேரி' என்று சொன்னால் மட்டும் முகம் சுளிக்கிறது. ஒரு சொல்லை மேலே இருப்பவர்கள் காலி செய்துவிட்டுப் போனதும் அதில் நம்மைக் குடிவைக்கிறார்கள். நாம் குடியேறியதும் அந்தச் சொல் நாறுவதாகச் சொல்கிறார்கள்.

'காலனி'யும் இதே கதைதான், வேகமாக நடந்தது மட்டும்தான் வித்தியாசம். அரசு தொகுப்பு வீடு கட்டிக்கொடுத்து, சேரி என்று சொல்ல வேண்டாம் என்று சுத்தமான ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் அதுவும் வசையாகிவிட்டது. ஆனால் ரயில்வே காலனி வசை ஆகவில்லை, ஆபீசர்ஸ் காலனி வசை ஆகவில்லை. 'காலனிக்காரப் பசங்க' மட்டும் வசை. 'புறம்போக்கு' என்ற சொல்லும் அப்படித்தான். வரிக் கணக்குக்குப் புறத்தே விடப்பட்ட நிலம் அது. ஏரி, கழிமுகம், மேய்ச்சல் தரை என்று எல்லோருக்கும் பொதுவானது. எல்லோருக்கும் பொதுவான நிலத்தின் பெயர், ஒன்றுக்கும் உதவாதவனைத் திட்டும் சொல்லாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சன்னதித் தெரு, மாட வீதி என்ற பெயர்களில் சாதி இருக்கிறதா? எழுத்தில் இல்லை. ஆனால் அங்கே யார் குடியிருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 'ஊர்' என்ற சொல்லிலேயே சாதி இருக்கிறது. ஊர் என்றால் அவர்கள், சேரி என்றால் நாம். மேலே இருக்கிறவருக்குத் தன் முகவரியில் சாதியை எழுத வேண்டிய தேவையே இல்லை. சாதிப் பெயரை நீக்கும் ஆணை வந்தால் நம் பலகைதான் முதலில் கழற்றப்படுகிறது, மாட வீதியின் பலகை அப்படியே நிற்கிறது.

இந்த நகரம் பிறந்ததே இப்படித்தான். கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே 'கறுப்பர் பட்டணம்'. தோல் நிறத்தையே ஊர்ப் பெயராக வைத்தார்கள். அந்தக் கறுப்பர் பட்டணத்துக்குள்ளும் நம் ஆட்கள் தங்கள் கோடுகளைப் போட்டுக்கொண்டார்கள். 1707-இல் வலங்கைச் சாதிகளும் இடங்கைச் சாதிகளும் தெருவுக்காக அடித்துக்கொண்டபோது, கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். நம்முடைய இடம் 'பார்ச்சேரி' என்று ஆங்கிலேயர் பதிவுகளில் வருகிறது. பறைச்சேரியைத்தான் அப்படி எழுதினார்கள். கறுப்பர் பட்டணம் என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இளவரசராக இங்கே வந்து பிறகு மன்னரான ஜார்ஜின் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆனது. பார்ச்சேரியும் வரைபடத்திலிருந்து போய்விட்டது. மண்ணிலிருந்து போனதா என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு மாறாக ராயபுரத்தைப் பாருங்கள். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலைக்குள் புகுந்து கரை சேர்த்தது மசூலாப் படகோட்டிகள். அவர்கள் கறுப்பர் பட்டணத்துக்கு வடக்கே குடியேறி, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தங்களுக்கென்று ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள். வலைஞராக இருந்த புனித பேதுருவின் கோயில் அது. பேதுருவுக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர் என்று பெயர். இராயப்பர் ஊர், ராயபுரம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையத்துக்கு அந்தப் பெயர்தான் வாய்த்தது. அந்தப் பெயரை அவர்களுக்கு எந்த கவர்னரும் வைக்கவில்லை. கடலில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் தங்களைக் காப்பவர் என்று நம்பியவரின் பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

பெயர்க் காரணம் என்று யாராவது கதை சொன்னால் அப்படியே விழுங்கிவிடாதீர்கள். வியாசர்பாடிக்கு வியாச முனிவர் வந்தார் என்கிறார்கள். மகாபாரதத்தை முடித்துவிட்டு பேசின் பாலம் ஏறி வந்தார் போலிருக்கிறது! தண்டையார்பேட்டைக்கு ஓர் அழகான கதை உண்டு. தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாழ்ந்து 1838-இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் 'தொண்டியார்' என்று அழைத்தார்கள், அதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஒரு முஸ்லிம் சூஃபியின் பெயரில் ஒரு பேட்டை இருப்பது எவ்வளவு நல்ல விஷயம்! ஆனால் 1693-இலேயே எழும்பூர், புரசைவாக்கத்தோடு இந்த ஊரையும் கம்பெனி வாங்கிவிட்டது. அவர் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கு முன்பே பெயர் இருந்திருக்கிறது. பிடித்த கதையாக இருந்தாலும் ஆண்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருவொற்றியூரில் 'ஒற்றி' என்றால் அடமானம். பக்கத்தில் எண்ணூர்வரை நிலம் கைமாறிய கதையைப் பார்த்தால் பெயர் வைத்தவருக்குத் தீர்க்கதரிசனம் இருந்ததோ என்று தோன்றும். 1708-இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்று ஐந்து ஊர்கள் மொத்தமாகக் கம்பெனி கைக்குப் போயின. குடியிருந்தவர்களிடம் யார் கேட்டார்கள்?

எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களின் பெயர்களைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம். இவற்றில் சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை. தாழை இருந்த இடம், ஆறு கடலில் சேரும் இடம், காடு இருந்த இடம். அந்த நிலத்தில் புழங்கியவர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ள வைத்த பெயர்கள் இவை. வரைபடம் இல்லாத காலத்து வரைபடம். இன்றைக்குத் தாழங்குப்பத்தில் தாழையைத் தேடிப் பாருங்கள். முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொள்கிறது, தூர்வாரச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. அந்தச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணின் பழங்குடிகள் அவர்கள். எந்த வளைவில் இறால் கிடைக்கும், எங்கே கால் புதையும் என்று ஒவ்வோர் இடத்தையும் அறிந்தவர்கள். எந்த அரசு வரைபடத்தில் அவர்கள் அறிந்தது ஏறியிருக்கிறது?

நம் குப்பங்களின் பெயர் பத்திரிகையில் எப்போது வரும் தெரியுமா? 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வந்தது. வாளியால் எண்ணெயை அள்ளிய படங்கள் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தபோது வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் இருட்டில் ஓடியபோது வந்தது. மற்ற நாட்களில் 'எண்ணூர்' என்றால் துறைமுகம், அதுவும் 2014-இல் காமராசர் துறைமுகம் ஆகிவிட்டது. 'காட்டுப்பள்ளி' என்று தேடினால் பங்குச் சந்தைச் செய்தி வருகிறது. காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்களை இடம் பெயர்த்துவிட்டுப் பெயரை மட்டும் துறைமுகம் வைத்துக்கொண்டது. பெயர் தங்கிவிட்டது, பெயர் வைத்தவர்கள் போய்விட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளுக்கு இது நன்றாகப் புரியும். நாட்டின் நடுவே ஒரு பெரிய செம்பாறை இருக்கிறது. அனங்கு மக்களுக்கு அது உலுரு. 1873-இல் அங்கே வந்த நில அளவையாளர் ஒருவர் ஹென்றி ஏயர்ஸ் என்ற அதிகாரியின் பெயரை அதற்கு வைத்தார். அந்த நிலம் 1985-இல் அனங்கு மக்களிடம் திரும்பி வந்தது. 1993-இல் இரண்டு பெயரும் சேர்ந்து அதிகாரப்பூர்வமாயின, ஆனால் ஏயர்ஸ்தான் முன்னால். உலுரு முன்னால் வர 2002 ஆகிவிட்டது. முதலில் நிலம், பிறகு பெயர். அந்த வரிசையை மனதில் வையுங்கள். இன்னொன்று, கிழக்குக் கடலோரத்தில் புட்சுல்லா மக்களின் தீவு. 1836-இல் கப்பல் உடைந்து அங்கே கரை சேர்ந்த எலைசா ஃபிரேசர், தன்னோடு இருந்த அந்த மக்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டும் கதைகளைச் சொன்னார். தீவுக்கு அவர் பெயரே நிலைத்தது. 2023-இல்தான் அது மறுபடி 'கரி' ஆனது. 'பூர்வகுடி' என்ற சொல்லைக்கூட வெள்ளையர்தான் அவர்களுக்கு வைத்தார்கள். அவர்கள் தங்களை அனங்கு என்கிறார்கள், புட்சுல்லா என்கிறார்கள்.

நம்மிடமும் 'ஆதி' என்று ஒரு சொல் உண்டு. பறையர், பஞ்சமர் என்று எழுதாதே, ஆதிதிராவிடர் என்று எழுது என 1922-இல் எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து அரசாணையும் வாங்கினார். இந்த மண்ணின் முதல் மக்கள் நாங்கள் என்று உரிமை கோரும் சொல் அது. நாமே கேட்டு வாங்கியது. இன்றைக்கு அதையும் நீக்க வேண்டிய பெயர்ப் பட்டியலில் பார்க்கிறேன். அந்தச் சொல்லையும் நம் மீது வசையாக எறிகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதை எடுப்பதா வைப்பதா என்று சொல்ல வேண்டியது யார்?

பெயர் மாற்றம் இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. 1970-களின் இறுதியில் சென்னைத் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை எடுத்தார்கள். ஜி.என். செட்டி சாலை ஜி.என். சாலை ஆனது. ஆட்டோக்காரரிடம் ஜி.என். சாலை என்று சொல்லிப் பாருங்கள். 2020-இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை போட்டு, ஊரே சிரித்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். இவை சிரித்துக் கடக்கக்கூடியவை. 1997 அப்படியல்ல. விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று போரிட்ட தளபதி, தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். தென் மாவட்டங்களில் கலவரம். கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. எல்லோருக்கும் சமமாக நீக்கியதாகச் சொன்னார்கள். ஆனால் எந்தப் பெயர் தாங்க முடியாததாக இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சாதிப் பெயர் நீக்கம் என்றதும் எனக்கு அந்தப் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது.

சரி, எங்கள் தெருச் சண்டைக்கு வருகிறேன். அரசாணையில் பூக்களின் பெயர்கள், புலவர்கள், தலைவர்களின் பெயர்கள் மாதிரிக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. படித்த பிள்ளைகள் பூப்பெயர் போதும் என்றார்கள். "அண்ணா, மல்லிகைத் தெருன்னு எழுதினா யாருக்கும் ஒண்ணும் தெரியாதுல்ல?" என்றான் ஒரு தம்பி. அந்தத் 'தெரியாதுல்ல' என்பதில் எவ்வளவு வலி இருக்கிறது! அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு பக்கம் அம்பேத்கர் பெயர் வைக்க வேண்டும் என்று ஒரு குரல். அதற்கு ஒருவர், அம்பேத்கர் நகர் என்றாலே எந்தச் சாதி என்று தெரிந்துவிடுமே என்றார். சட்டமேதையின் பெயரையும் சேரியின் பெயராக்கி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அப்போது எங்கள் தெரு ஆயா ஒருவர் எழுந்தார். எழுபது வயது இருக்கும், வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "இன்னா நைனா, பேர மாத்தினா கொயாயில தண்ணி வந்துருமா?" என்றார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "முப்பது குடிசை எரிஞ்சுது, திரும்பக் கட்டினோம். வெள்ளம் வந்துது, திரும்பக் கட்டினோம். இந்தத் தெரு எங்க கையி. பூ பேர வெச்சிட்டா இத யாரு கட்டினதுன்னு எம் பேத்திக்கு எப்டித் தெரியும்?" அதன் பிறகு யாரும் பேசவில்லை. கூட்டம் கலைந்தது.

எனக்கு அந்தத் தம்பியும் வேண்டும், அந்த ஆயாவும் வேண்டும். என் யோசனைகளைச் சொல்கிறேன், மறுத்துப் பேசுங்கள். அந்தத் தம்பியின் விண்ணப்பத்தில் பேனா நிற்காத ஒரு பெயர் வேண்டும், அதனால் மாற்றம் நடக்கட்டும். ஆனால் பெயரை அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள், பெண்கள் பாதியாவது இருக்கும் கூட்டத்தில், முடிவு செய்ய வேண்டும். மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஆணையே சொல்கிறது, அதைப் பிடித்துக்கொள்வோம். பழைய பெயர் என்ன, அதை யார் வைத்தார்கள், எப்போது நீக்கினோம் என்பது மாநகராட்சிப் பதிவில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பது வருடம் கழித்து, இங்கே தீண்டாமையே இருந்ததில்லை, பாருங்கள் எல்லாம் மல்லிகையும் ரோஜாவும்தான் என்று ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதுவார். வண்ணாரப்பேட்டைக்கும் இதே விதிதான். ஐரோப்பாவுக்குப் போன துணியை வெளுத்துக் கொடுத்த உழைப்பாளிகளின் பெயர் அது. மெட்ரோ பலகையில் அது இருக்க வேண்டுமா என்று அந்த மக்களிடம் கேளுங்கள். உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள்.

பெயர் மாற்ற மனுவோடு குடிநீர் இணைப்பு, பட்டா, கழிவுநீர்க் குழாய் மனுக்களையும் ஒரே உறையில் போட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆயா சொன்னதுதான்.

மூன்றாவது கூட்டம் வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, குழாயடியில். இதுவரை பதினொரு பெயர்கள் வந்திருக்கின்றன. அதில் 'கரிக்காரர் தெரு' என்று ஒன்று இருக்கிறது, என் அப்பா எழுதிக்கொடுத்தது. அதை எதிர்த்து ஓட்டுப் போடப் போவதாக என் தங்கை சொல்லியிருக்கிறாள். நீங்களும் உங்கள் தெருவில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தாத்தா ஆயா இருப்பவர்கள் உடனே உட்கார்ந்து கேளுங்கள்: நாம் வருவதற்கு முன் இந்த இடத்துக்கு என்ன பெயர், எங்கே குளம் இருந்தது, எந்த மரத்தடியில் பஞ்சாயத்து நடந்தது, யார் முதல் குடிசையைப் போட்டார்கள். எழுதிக்கொண்டு வாருங்கள். ஆயாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நாற்காலி போட்டு வைக்கிறோம்.